ஒரு நிமிடப் பரிசோதனை

“இருபது வருஷமா ஒரு மணிக்கட்டும் என்னை ஏமாத்தினதில்லை. ஒரு நிமிஷம் போதும், நரம்பு தானாவே உண்மையைக் கக்கும்” என்றார் கொட்டாஞ்சேனை டொக்டர் நிக்கலஸ்.

எதிரே இருந்தவள் கார்மென்ட்ஸில் தைக்கும் மெடில்டா. வேலையை மாற்றித் தரச்சொல்லி ஒரு கடிதம் வாங்க வந்திருந்தாள். அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் அதே மெஷின்தான்.

“விரலெல்லாம் விறைக்குது டொக்டர். கையை உதறினாத்தான் சரியாகுது.”

“உதறினா சரியாகுதெண்டால் அது வருத்தமில்ல தங்கச்சி, டான்ஸ்!”

“பொரளை பெரியாஸ்பத்திரியில கரண்ட் வச்சு நரம்பைப் பாக்கிறாங்களாம்…”

“அது கைப்பழக்கம் இல்லாத டொக்டர்மாருக்கு. இப்பிடிப் பிடியும்.”

இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை மடித்து, விரல்களைக் கீழே தொங்கவிட்டுக் காட்டினார். அவளும் அப்படியே பிடித்தாள். கடிகாரத்தின் வினாடி முள் ஒரு சுற்று வரும்வரை இருவரும் கைகளை அப்படியே பிடித்தபடி அசையாமல் இருந்தார்கள்.

“விறைக்குதோ?”

“இப்ப இல்ல. ஆனா மெஷினில இருந்தா…”

“நரம்பு பொய் சொல்லாது. நீர்தான் சொல்லுறீர்.”

‘வேலைக்குத் தகுதி’ என்ற முத்திரையை இடது கையால் குத்தி நீட்டினார். மெடில்டா அந்தத் தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

கதவு சாத்திக்கொண்டதும், பரிசோதனையின் இருபதாவது வினாடியிலிருந்தே விறைத்துக் கிடந்த தன் வலது கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார் டொக்டர். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மெல்ல உதறினார்.

சரியாகிவிட்டது.