இன்னும் ஒரே ஒரு சுற்று

தடைசெய்த கடலுக்குத் திருட்டுத்தனமாக மீன் பிடிக்கப் போன மைத்துனனுக்குப் புயல் கிளம்பியதே தெரியாது. போனும் கிடைக்கவில்லை. ரோந்து விமானத்தில் வெப்பக் கேமராவை இயக்கும் அத்தான், கடலெங்கும் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்.

உடம்புச் சூடு இருந்தால் திரையில் வெள்ளையாகத் தெரிந்தாக வேண்டும். திரையோ கருகருவென்று கிடந்தது.

“இன்னும் ஒரே ஒரு சுற்று, கேப்டன்! உங்க கால்ல விழறேன்.”

“எரிபொருள் இல்லய்யா. நாமளும் சேர்ந்து முழுகணுமா?”

விமானம் திரும்பியது. தளத்திலிருந்து ரேடியோ கூப்பிட்டது.

“உங்க மச்சான் இப்பத்தான் வீட்டுக்குப் பேசினாராம். உங்க வீட்டம்மா புயலைப் பத்திச் சொல்றதுக்குள்ள லைன் அறுந்துபோச்சாம்.”

“என்ன சொன்னான்?”

“‘தலைக்கு மேலயே ரோந்து விமானம் சுத்துதுக்கா. பயப்படாதே, அத்தான் சொல்லிக் கொடுத்தபடி எல்லாரும் ஈரத் தார்ப்பாய்க்குள்ள பதுங்கிட்டோம்’னாராம்.”