ஒரு வாய் ஆற்றுநீர்

ஆற்றுக்கான இரு நாட்டு ஆணையம் ஆண்டுக்கொரு முறை கூடும். இரு தலைவர்களும் ஒரே செம்பிலிருந்து ஒரு வாய் ஆற்றுநீர் குடித்துவிட்டுத்தான் அறிக்கையில் கையெழுத்திடுவார்கள். செம்பை நிரப்புவது ஆணையத்தின் ஆய்வகத்தில் வேலை செய்யும் வசுமதியின் பொறுப்பு.

“ஏம்மா, போன வருஷம் மாதிரியே பாட்டில் தண்ணிய ஊத்தி வச்சுடு. ஆத்துத் தண்ணிய மனுஷன் குடிப்பானா?” என்றார் அதிகாரி.

இந்த ஆண்டு அறிக்கையில் நீர் குடிக்கத் தகுந்தது என்றிருந்தது. கையெழுத்தானால் அவள் ஊருக்கு வரும் தண்ணீர் லாரி நாளையோடு நின்றுவிடும். அதிகாரி சொன்னதை மீறலாமா, கூடாதா என்று படித்துறை வரைக்கும் தயங்கியவள், சாய நுரையையும் செத்த மீன்களையும் ஒதுக்கிச் செம்பை ஆற்றில் முக்கினாள்.

தலைவர்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு வாய் ஊற்றிக்கொண்டார்கள். இருவர் கன்னங்களும் உப்பின. கண்கள் கலங்கின. விழுங்க முடியவில்லை. அடுத்த நாட்டுக்காரர் முன்னால் முதலில் துப்பவும் மனமில்லை.

“துப்பிடுங்கய்யா,” என்று முணுமுணுத்தாள் வசுமதி.

“அப்படியே இருங்க சார், இன்னும் ஒண்ணு,” என்றார் புகைப்படக்காரர்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். பிறகு, உப்பிய கன்னங்களோடே பேனாவைத் திறந்தார்கள்.