பதினோராவது ஸ்டிக்கர்

குணமாக்க முடியாத நோயுள்ள குழந்தைகளைக் கவனிக்கும் எங்கள் மருத்துவமனையில், பலகையில் எழுதிய கேள்விகளில் எதை முதலில் ஆராய்வது என்று அன்று ஓட்டெடுப்பு. டாக்டர்கள், பெற்றோர், நர்சான நான் என்று பத்துப் பேர். பிடித்த கேள்வியின் மேல் ஒட்ட ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர். பலகையில் பதினொன்று இருந்தது.

"யாரு ரெண்டு ஒட்டினது? சின்னப்புள்ள விளையாட்டா இது?" பெரிய டாக்டர் என்னை முறைத்தார்.

"என்னை ஏன் சார் பாக்குறீங்க? எண்ணத் தெரிஞ்சா மறுபடி எண்ணுங்க."

பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினோம். அவரே பக்கத்தில் காவல் நின்றார். பதினொன்று.

பலகையின் அடியில், பென்சிலால் எழுதிய ஒரு கேள்வியின் மேல் அந்தப் பதினோராவது ஸ்டிக்கர் இருந்தது: 'நான் வந்ததும் ஏன் எல்லாரும் பேச்சை நிறுத்துறீங்க?'

டாக்டர் அழிக்கப் போனார்.

"அது எம்பொண்ணு எழுத்து. தொட்டா கை இருக்காது," என்றாள், போன வருடம் இங்கே மகளை இழந்த தாய்.

ஆளாளுக்குக் கத்தினோம். கதவு மெல்லத் திறந்தது. வாசலில் யாரும் இல்லை.

எல்லோரும் பேச்சை நிறுத்தினோம்.