போதகர் உரித்த வாழைப்பழம்

போதகர் மறுபடியும் வாழைப்பழத்தை உரித்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, போதகர் வீட்டில் மூப்பர்கள் பன்னிரண்டு பேரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். மூத்தவர் லாவேயா நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஆரம்பித்து அரை மணி ஆகியிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"கடவுள் கொடுத்த இந்த நல்ல நாள்ல... இந்த நல்ல நாள்ல..."

அதற்குள் போதகர் பெனியமினா பழத்தைக் கடித்துவிட்டார்.

சமோவாத் தீவுகளில் போதகர் வாய் வைக்காமல் யாரும் வாய் வைக்கக் கூடாது. அவர் வாய் வைத்துவிட்டால் சும்மா இருக்கவும் கூடாது. எங்கள் ஊரில் அவர் எதில் ஆரம்பித்தாரோ அதில்தான் நாங்களும் ஆரம்பிக்க வேண்டும். பன்றிக்கறியும் தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரையும் ஆவி பறக்கக் காத்திருக்க, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பழம் தின்றோம். பேச்சு பாதியில் நின்ற ஆத்திரத்தில் லாவேயா இரண்டு பழத்தை விழுங்கினார்.

கால் மணி நேரத்தில் அவர் குரல் கணீரென்று திரும்பி வந்தது.

"இது மூணாவது தடவை! நான் பேசறப்பதான் இவருக்கு வயிறு கிள்ளுமா? நாளைக்குச் சாயங்காலம் கூட்டம். ஒருத்தர் பாக்கி இல்லாம வந்துடுங்க."

எங்கள் ஊரில் போதகரை அழைத்து வருவதும் மூப்பர்கள்தான், மூட்டை கட்ட வைப்பதும் மூப்பர்கள்தான். பெனியமினா வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகளை இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்.

மறுநாள் கூட்டத்தில் லாவேயா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, ஏன் இப்படிப் பண்றீங்க?"

"பசி," என்றார் போதகர். "தப்புதான். மன்னிச்சுக்குங்க."

"ஏன், காலையில வீட்டுல ஒண்ணும் போடறதில்லையா?" என்று இன்னொரு மூப்பர் தோமா கேட்டார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த போதகரின் மனைவி லாங்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, இனிமே பேச்சு முடியற வரைக்கும் பொறுத்துக்குவீங்களா?" என்றார் லாவேயா.

போதகர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாக்குக் கொடுக்க முடியலை."

"கேட்டீங்களா கதையை! லோசா, எழுது. பெருந்தீனிக்காரப் போதகர் எங்களுக்கு வேண்டாம். இந்த மாசத்தோட..."

சபைக் குறிப்பு எழுதுகிற லோசா, லாவேயாவின் மனைவி. அவள் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"எழுதுன்னா!"

"எழுத மாட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினீங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் அதை மீறிட்டேன். இன்னிக்கு எல்லார்கிட்டயும் மீறப் போறேன்."

எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இவர் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கறார். அதை இவர் உடம்பே எதிரின்னு நினைச்சுப் பிடிச்சு வச்சுக்குதாம். அப்புறம் எதிர்பாராத நேரத்துல விட்டுடுதாம். ஆப்பியா ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அப்ப ரத்தத்துல சர்க்கரை சரசரன்னு இறங்கிடும். வியர்க்கும், கோபம் வரும், சொன்னதையே திருப்பிச் சொல்வார். உடனே இனிப்பா ஏதாவது உள்ளே போகலைன்னா ஆள் விழுந்துடுவார். உயிரே போயிடலாமாம்."

"லோசா, போதும்!"

"போதாது. பையில மிட்டாய் வச்சுக்குங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? போதகர் வாய் வைக்கறதுக்கு முன்னால மூப்பன் மிட்டாய் சப்பறதா, செத்தாலும் மாட்டேன்னீங்க. போதகர்கிட்ட போய் அழுதேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'அவர் முந்திக்கக் கூடாது, அவ்வளவுதானேம்மா? நான் முந்திக்கறேன்'னார். சாப்பாட்டுல இனிப்புன்னு இருக்கறது அந்தப் பழம் ஒண்ணுதான்."

'இந்த நல்ல நாள்ல... இந்த நல்ல நாள்ல...' என்று லாவேயா திணறியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

லாவேயாவின் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பேச்சு வாங்கினீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?"

"அது நீங்க சொல்ல வேண்டிய விஷயமாச்சே, மூப்பரே."

அடுத்த ஞாயிறு லாவேயா மூன்றே நிமிடத்தில் நன்றி சொல்லி முடித்தார். ஊரே அசந்துபோனது. அவர் சட்டைப் பையில் மிட்டாய்ப் பொட்டலம் எல்லாருக்கும் தெரியும்படி துருத்திக்கொண்டிருந்தது. சீப்பில் நல்ல பழமாகப் பார்த்துப் பிய்த்து, தானே உரித்து, இரண்டு கையாலும் போதகரிடம் நீட்டினார்.

"முதல்ல நீங்க, ஐயா."

போதகரும் கை நீட்டினார். பின்னால் விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்த லாங்கி பதறிப்போய் ஓடி வந்தாள்.

"ஐயோ மூப்பரே, இனிமேலாவது அதைக் கொடுக்காதீங்க! வாழைப்பழம்னா சின்ன வயசுலேருந்தே இவருக்கு ஆகாது. அந்த மூணு ஞாயிறும் நீங்க போனதும் வாந்திதான்."