திருத்திக் கொண்டு வரவும்

விரைவுச்சாலை அலுவலகத்தில் மனு வாங்கும் குமாஸ்தாவுக்கு ஊர் வைத்த பெயர் நொட்டை. எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு நொட்டை சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

தையல்காரம்மா இன்றோடு ஒன்பதாவது தடவையாக அவர் மேசை முன்னால் வந்து நின்றாள். வரப்போகிற எட்டு வழிச் சாலை, அவள் வீட்டு முன்னறையில் இருக்கிற தையல் மெஷின் மேல் ஏறித்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறது. வீடு போனால் பிழைப்பும் போச்சு. என் வீட்டை விட்டுவிடுங்கள் என்று ஒரு மனு. அதைக் கொடுக்கத்தான் மூன்று வருஷமாக இந்த நாய் அலைச்சல்.

முதலில் ஓரத்தில் இடம் விடவில்லை என்றார் நொட்டை. அப்புறம் நீல மையில் எழுதணும் என்றார். ஒரு தடவை தேதியை மேலே போட்டது தப்பு. அடுத்த தடவை கீழே போட்டதும் தப்பு. ஒவ்வொரு தப்பையும் கண்டுபிடிக்க நாலு மாசம் எடுத்துக்கொண்டு, பிறகு கடிதம் போட்டுக் கூப்பிடுவார்.

இன்றைக்கு மடிப்பு சரியில்லையாம்.

"மூணா மடிக்கணும்மா. நாலா மடிச்சிருக்கீங்க. திருத்திக் கொண்டு வாங்க."

அவளுக்கு வந்ததே கோபம். மனுவைப் பிடுங்கிக்கொண்டு நேராகப் புது அதிகாரியின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அதிகாரி பதவிக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. நியாயம், நேர்மை எல்லாம் இன்னும் சூடு ஆறவில்லை. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நொட்டையைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். ஏழை வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற உங்களை மாதிரி ஆட்களால்தான் அரசாங்கத்துக்கே கெட்ட பெயர் என்றார். சொன்ன கையோடு மனுவில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

 நொட்டை பீரோவிலிருந்து பதிவேட்டை எடுத்து வந்து விரித்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துடுங்க."

ஏற்கப்பட்ட மனுக்கள் நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் ஏற்கப்பட்ட ஒரே வாரத்தில் மேலிடம் போய், ஒரே வரியில் தள்ளுபடியாகியிருந்தன. அந்த வீடுகள் இருந்த இடத்தில் இப்போது சாலைத் தூண்கள் நிற்கின்றன.

அடுத்த பக்கத்தில், திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பியவை ஆறு.

"இந்த ஆறு வீடு?" என்று கேட்டார் அதிகாரி.

"நிக்குதுங்க. மனு திருத்தத்துல இருக்கற வரைக்கும் வீட்டைத் தொடக்கூடாதுன்னு விதி. அது என் கண்ணுல பட்டதுக்கு அப்புறம் வந்தது இந்த ஆறுதான்."

அந்த அம்மாவிடமாவது இதைச் சொல்லியிருக்கலாமே என்றார் அதிகாரி. சொன்னால் ஊருக்கே தெரியும், மறுநாளே விதியை மாற்றிவிடுவார்கள் என்றார் நொட்டை.

"திட்டிக்கிட்டே போனாலும் வீட்டுக்குத்தானேங்க போறாங்க."

 அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். தையல்காரம்மா ஆவலோடு எழுந்தாள்.

"கையெழுத்து கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும்மா," என்று மனுவைத் திருப்பி நீட்டினார். "நேராப் போட்டுக் கொண்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்லை, மெதுவா வாங்க."