சுருள் முடிக்கு அடியில்

"எங்க வீட்டுலயும் இதே ஜாதி நாய் ஒண்ணு இருக்குக்கா. சீவி மாளல" என்றான் லிஃப்ட் மெக்கானிக். பாதிதான் உண்மை. இருந்தது, நாலு மாதமாக இல்லை.

நாலாம் மாடித் தையல்காரி கதவை முழுக்கத் திறக்கவில்லை. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறச் சுருள் முடியோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவனைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டது.

காலையில் லிஃப்டைப் பிரித்துப் போட்டிருந்தபோதுதான் அவள் அந்த நாயோடு படியேறுவதைப் பார்த்தான். பின்னங்காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கும் அந்த நடை அவனுக்கு அத்துப்படி. காணாமல் போன தலகாணியேதான். மகள் வைத்த பெயர்.

"எப்படிச் சீவுறீங்கன்னு பாத்துட்டுப் போயிடறேன். அஞ்சே நிமிஷம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையில் அவள் கண் கொஞ்சம் தங்கியது. "வாங்க" என்றாள்.

தையல் மெஷினுக்குப் பக்கத்து மேசையில் பழைய துண்டை விரித்து நாயைத் தூக்கி வைத்தாள். முடியை வகிடெடுத்துத் தோல் தெரியும்வரை விலக்கி, ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசை என்று இரும்புச் சீப்பை ஓட்டினாள்.

"மேலாப்ல சீவினா பாக்க ஜோராத்தான் இருக்கும். அடியில சிக்கு கம்பளி மாதிரி அப்பிக்கும். நீங்க குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி சீவுவீங்களா, அப்புறமா?"

"அப்புறந்தான்."

"போச்சு. தண்ணி பட்டா சிக்கு இன்னும் இறுகிடும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

"என்னத்தப் பண்றது, கத்திரிதான்."

சீப்பு நின்றது. "சிக்கோட தோலும் சேந்து மேல ஏறி நிக்கும். கத்திரி போட்டா எது முடி, எது தோல்னு தெரியாது."

"துணி வெட்டுற நீங்களே இப்படிப் பயந்தா எப்படிக்கா?"

"துணிக்கு வலிக்காதுங்க."

அவன் சிரித்து வைத்தான். கை சும்மா இருக்காமல் மேசையிலிருந்த துணிக்கத்திரியை எடுத்து ஒருமுறை திறந்து மூடினான். அந்தச் சத்தத்தில் நாய் துண்டோடு துண்டாக ஒடுங்கிப் படுத்தது. உடம்பு வெடவெடத்தது.

மிரட்டி வைத்திருக்கிறாள் என்று அவன் கணக்குப் போட்டான். சந்தேகமே இல்லை.

"இதுக்குப் பேரு என்னக்கா?"

"சாமியார். முடியப் பாத்து நான் வெச்சது."

பேரையும் மாற்றியாயிற்று. கைதேர்ந்த திருடிதான்.

நாய் காணாமல் போன நாளிலிருந்து மகள் அவனோடு பேசுவதில்லை. "கதவு திறந்து கெடந்துச்சு" என்று அவள் சொன்னதுதான் கடைசி. அதன்பிறகு அழுகையும் இல்லை, சண்டையும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். இன்று நாயோடு போய் வாசலில் நின்றால் "அப்பா" என்று ஒரு வார்த்தை வரும். அதற்காக எவளோடும் மல்லுக்கு நிற்கலாம்.

"சுத்தி வளைக்க வேணாம்க்கா. இது என் நாய்."

அவள் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. "அடையாளம் சொல்லுங்க."

"இடது காதுக்குப் பின்னாடி ஒரு தழும்பு. முடிக்குள்ள இருக்கும், வெளிய தெரியாது. வளத்தவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

அவள் காதை மடக்கி முடியை விலக்கினாள். இருந்தது. நகத்தளவு, வெளிர் சிவப்பில்.

அவன் போனை எடுத்தான். "போலீசக் கூப்பிடட்டுமா, இல்ல நீங்களே குடுத்துடறீங்களா?"

அவள் சீப்பை நகர்த்தினாள். கழுத்தடியில் முடியை விலக்கினாள். அங்கே ஒரு கோடு. முன்னங்காலின் அக்குளில் ஒன்று. வயிற்றோரத்தில் இரண்டு. தொடையில் ஒன்று, மற்றவற்றைவிட நீளமாக.

இவற்றை அவன் பார்த்ததே இல்லை. காதோடு சேர்த்து ஆறு. அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"என் நாய என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

அவள் சீப்பை மேசையில் வைத்தாள்.

"இந்த ஆறையும் காட்டித்தான் உங்க பொண்ணு இவன எங்கிட்ட விட்டுட்டுப் போனா."