உதைக்கு ஒரு டிரம்ஸ்

ஒலிப்பதிவுக் கூடத்தின் வளாகத்தில் நாலாவது சுற்றிலும் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. இருந்த ஒரே சந்தில் இயக்குநர் காரை நுழைக்கப் பார்த்தார். காவலாளி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

"இங்க விடாதீங்க சார்! கேமரா இருக்கு, உள்ள டிவியில எல்லாம் தெரியும். அப்புறம் எனக்குத்தான் அர்ச்சனை."

"யோவ், உள்ள என் படத்துக்குத்தான்யா மியூசிக் நடக்குது!"

"யார் படமா இருந்தா என்ன சார், வண்டியை எடுங்க."

எட்டாவது சுற்றில் ஒரு மூலை கிடைத்தது. இறங்கியவர், வெறுப்பில் டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நொண்டிக்கொண்டே மாடி ஏறும்போது மாமனார் போனில் பிடித்துக்கொண்டார். படத்துக்குப் பணம் போட்டவர் அவர்தான்.

"மாப்பிள்ளை, ஜாஸோ கீஸோ, இன்னிக்கு எனக்குப் பிடிக்கணும். இல்லேன்னா ரெண்டு குத்துப்பாட்டு வெச்சே ஆகணும், சொல்லிட்டேன்."

இயக்குநர் படியிலேயே நின்றுவிட்டார். அவருடைய ஹீரோ, ஊர் திரும்பியும் போக்கிடமின்றி, வாசலுக்கு வாசல் விரட்டப்படுகிறவன். மூடிய கதவை அவன் எட்டி உதைப்பதோடு படம் முடிகிறது. அவன் எங்கே போய்க் குத்தாட்டம் போடுவான்?

இசையமைப்பாளரோ தனிப்பிறவி. இதுவரை போனில்தான் பழக்கம். படத்தை முன்கூட்டிப் பார்க்கவே மாட்டார். விளக்கை அணைத்துவிட்டு, திரையில் ஓடுவதைப் பார்த்தபடியே நாலு பேரோடு தோன்றியதை வாசிப்பார். அதுவும் ஒரே தடவை. இன்னொரு தடவை கேட்டால் பெட்டியைக் கட்டிவிடுவார். க்ளைமாக்ஸ் காட்சியை நேற்றே அனுப்பியாகிவிட்டது.

இயக்குநர் ஒலிப்பதிவாளரின் அறைக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு. மைக்கில் இசையமைப்பாளரின் குரல் வந்தது.

"டிவியைப் போட்டோம், படம் ஓடிட்டு இருந்துச்சு. சரின்னு வாசிச்சுட்டோம். கேளுங்க."

கேட்டார். சாக்ஸபோன் நிற்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் யாரோ விரட்டுவதுபோல் டிரம்பெட் அலறியது. கடைசியில் டிரம்ஸில் ஒரே ஓர் அடி, அதோடு சரி. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே மாமனாருக்குப் போனில் போட்டுக் காட்டினார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மாப்பிள்ளை, ரெண்டு வருஷமா நீங்க சொன்ன கதை இப்பத்தான் புரியுது. குத்துப்பாட்டெல்லாம் வேண்டாம், போங்க!"

இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "சார், அவன் வேதனையை எப்படி சார் பிடிச்சீங்க? அந்தக் கடைசி உதை இருக்கே..."

"எல்லாம் அந்த நடிப்புதான் சார்! கோபத்தை அடக்கி அடக்கி, கடைசியில ஒரே உதை. அங்கதான் நாங்க அத்தனை பேரும் விழுந்துட்டோம்."

விளக்கு எரிந்தது. இசையமைப்பாளர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவரைக் கட்டிப்பிடிக்க இயக்குநர் நொண்டியபடியே ஓடினார். வந்தவரை ஏற இறங்கப் பார்த்த இசையமைப்பாளரின் முகம் மலர்ந்தது.

"அட, ஹீரோவே நீங்கதானா! கால் இப்ப எப்படி சார் இருக்கு?"